பொரியாத முட்டையையும் உடைத்துப் பாருங்கள்: வீட்டு இன்குபேட்டரில் வாத்து முட்டை அடை வைப்போருக்கு ஒரு திறந்த மடல்

தெர்மாகோல் பெட்டியிலோ பழுதான குளிர்சாதனப் பெட்டியின் கூட்டிலோ குண்டு பல்பும் சிறு மின்விசிறியும் பொருத்தி, வெப்பம் ஏறினால் பல்பை அணைத்து இறங்கினால் ஏற்றும் தெர்மோஸ்டாட் ஒன்றை இணைத்து, வாத்து முட்டைகளை அடை வைக்கும் அன்பர்களே,

28ஆம் நாளும் கடந்து, கூடுதலாக விட்ட இரண்டு நாளும் கடந்து, ஓடு விரியாமல் பெட்டியில் கிடக்கும் முட்டைகளை நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்கவே இம்மடல் எழுதப்படுகிறது. பெரும்பாலும் அவை அன்றைக்கே எருக்குழிக்குப் போய்விடுகின்றன. அதன்பின் பல்பின் வாட் மாற்றப்படுகிறது, விசிறி இடம் மாறுகிறது, தண்ணீர்க் கிண்ணம் ஒன்றுக்கு இரண்டாகிறது, முட்டை கொடுத்தவர்மீது ஐயம் எழுகிறது. ஆனால் அடுத்த தொகுதியும் ஏறத்தாழ அதே அளவில் பாழாகிறது. எதனால் பாழாயிற்று என்பதற்கான சான்று உங்கள் பெட்டியில் இல்லை, நீங்கள் எறிந்த முட்டைகளுக்குள் இருந்தது. அதைப் பார்க்காமலே புதைத்துவிட்டுக் காரணம் தேடுவது வீண் என்பதைச் சற்றுக் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

உங்கள்மீது மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. இன்குபேட்டர் செய்யக் கற்றுத்தருவோரில் பலர் கோழி முட்டைக்கான அட்டவணையை எடுத்து, 21 நாள் என்ற இடத்தில் 28 நாள் என்று திருத்திவிட்டு, மற்றவற்றை அப்படியே விட்டுவிடுகிறார்கள். பொரித்த குஞ்சுகளைப் படம் பிடித்துக் காட்டுவோர் பொரியாதவற்றின் எண்ணிக்கையைச் சொல்வதில்லை. வாத்து முட்டை பெரிய கோழி முட்டை அன்று. நாட்டுக்கோழி முட்டையைவிட அது ஏறத்தாழ ஒன்றரை மடங்கு எடை கொண்டது, ஓடு தடித்தது, மஞ்சள் கருவில் கொழுப்பு மிகுதி. அதனால் வளர்ச்சியின் பிற்பாதியில் கரு தானே கணிசமான வெப்பத்தை வெளியிடுகிறது. முதல் வாரத்தில் வெப்பம் ஊட்டப்பட வேண்டிய அதே முட்டை, மூன்றாம் வாரத்தில் வெப்பத்தை வெளியேற்ற வழி தேடுகிறது. பல பண்ணைகளில் இரண்டாம் வாரத்திலிருந்து நாளுக்கு ஒருமுறை பெட்டியைத் திறந்து, முட்டைகளைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆறவிட்டு, வெதுவெதுப்பான நீரை அவற்றின்மீது பனிபோல் தெளிக்கும் வழக்கம் இருப்பது இதனால்தான். இரை தேடக் கூட்டை விட்டு இறங்கிச் சென்று நனைந்த இறகோடு திரும்பும் தாய் வாத்து செய்வதும் இதுவே. மஸ்கோவி எனப்படும் மணிலா வாத்தாக இருந்தால் நாள் கணக்கே வேறு; அதன் முட்டைக்கு 33 முதல் 35 நாள் வேண்டும். இதை அறியாமல் 30ஆம் நாளில் உயிருள்ள முட்டைகளைக் குழியில் எறிந்தவர்களும் உங்களுள் இருக்கக்கூடும்.

முட்டைக்காகவே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து வளர்க்கப்பட்ட வாத்தினங்கள் அடையில் அமரும் குணத்தைப் பெரிதும் இழந்துவிட்டன என்பதும், அதனாலேயே நம் ஊர்களில் வாத்து முட்டையை அடைக்கோழியின் அடியில் வைக்கும் பழக்கம் நிலைத்தது என்பதும் நீங்கள் அறிந்தவை. உங்கள் பெட்டி அந்த அடைக்கோழிக்கு மாற்றாக வந்தது. ஆனால் கோழி முட்டையைத் தன் அலகால் புரட்டியது, சூட்டைத் தன் வயிற்றுத் தோலால் அறிந்தது. பெட்டிக்கு இரண்டும் தெரியாது, ஆகவே இரண்டும் உங்கள் பொறுப்பாகின்றன. வங்கதேசத்தின் தாழ்நிலப் பகுதிகளில் மின்சாரமே இல்லாமல், நெல் உமி நிரப்பிய மூங்கில் உருளைகளில் வாத்து முட்டை பொரிக்கும் முறை இன்றும் பிழைப்புத் தொழிலாக நடக்கிறது. பாலித் தீவிலும் சீனத்திலும் இதற்கு நெருங்கிய முறைகள் நெடுங்காலமாக உண்டு. அங்கெல்லாம் முற்றிய முட்டைகள் வெளியிடும் வெப்பத்தைக் கொண்டே புது முட்டைகளைச் சூடேற்றுகிறார்கள். வெப்பமானிக்குப் பதிலாக முட்டையை மூடிய கண்ணிமைமேல் வைத்துச் சூடு பார்க்கிறார்கள். கருவி எளியது, கவனிப்பு கடுமையானது. உங்களுள் பலரிடம் இது தலைகீழாக இருக்கிறது என்பதே இம்மடலின் முதன்மையான மனக்குறை.

இனி, பொரியாத முட்டை என்ன சொல்லும் என்பதைப் பாருங்கள். ஏழாம் நாள் இருட்டில் டார்ச் விளக்கின்மேல் முட்டையை நிறுத்திப் பார்க்கும்போது, சிலந்திவலை போலக் கிளைத்த இரத்த நாளங்களும் நடுவே அசையும் ஒரு புள்ளியும் தெரிந்தால் கரு வளர்கிறது என்று பொருள். ஒன்றுமே தெரியாமல் வெறுமனே ஒளிரும் முட்டையைக் கூமுட்டை என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். அவ்விடத்தில் ஒரு தவறு நேர்கிறது. ஆண் வாத்தோடு சேராமல் இட்ட முட்டையும், கருக்கூடி ஓரிரு நாளிலேயே கரு மாண்டுபோன முட்டையும் டார்ச் ஒளியில் ஒன்றுபோலவே தோன்றும். உடைத்து ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றினால்தான் வேறுபாடு தெரியும். முன்னதில் மஞ்சள் கருவின்மேல் ஒழுங்கற்ற சிறு வெண்புள்ளி மட்டும் இருக்கும். பின்னதில் அப்புள்ளி விரிந்து, பாலாடை படர்ந்தாற்போல ஒரு வெளிர்படலமாகியிருக்கும். முதலாவது மந்தையின் குறை: ஆண் வாத்துகள் போதாமல் இருந்திருக்கலாம், அல்லது மூப்படைந்திருக்கலாம், ஐந்தாறு பெட்டைக்கு ஓர் ஆண் என்பது பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இரண்டாவது பெரும்பாலும் முட்டையைச் சேர்த்து வைத்ததிலோ கொண்டுவந்ததிலோ நேர்ந்த குறை. இரண்டுக்கும் உங்கள் பல்பு பொறுப்பன்று. பல்பை மாற்றி மாற்றி நீங்கள் செலவிட்ட மாதங்களை நினைத்துப் பாருங்கள்.

சேர்த்து வைக்கும் காலம் பற்றி ஒரு சொல். இட்ட முட்டை ஏழு நாளுக்குள் அடைக்கு வைக்கப்பட வேண்டும்; நாள் கூடக்கூடப் பொரிக்கும் திறன் குறைந்துகொண்டே போகும். அதுவரை அது இருக்கத் தகுந்த வெப்பம் ஏறத்தாழ 13 முதல் 16 டிகிரி செல்சியஸ். தமிழ்நாட்டுக் கோடையில் திண்ணை ஓரத்தில் கிடக்கும் முட்டைக்கு இது கிடைப்பதில்லை. 30 டிகிரியைத் தாண்டிய சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, பின் தளர்ந்து மடிகிறது. பேருந்திலோ இருசக்கர வண்டியிலோ குலுங்கி வந்த முட்டையை வந்த உடனே பெட்டிக்குள் வைக்காமல், அகன்ற முனை மேல்நோக்க அரைநாளாவது அசையாமல் வைத்திருக்க வேண்டும். அகன்ற முனையில் ஓட்டுக்கும் சவ்வுக்கும் இடையே இருக்கும் வெற்றிடம், அதாவது காற்றறை, நிலைபெற அந்த ஓய்வு தேவை. சேறு படிந்த முட்டையைக் குளிர்ந்த நீரில் கழுவுவதையும் விட்டுவிடுங்கள். முட்டை குளிரும்போது உள்ளடக்கம் சுருங்க, அழுக்கும் கிருமியும் ஓட்டின் நுண்துளைகள் வழியே உள்ளிழுக்கப்படுகின்றன. வாத்து பெரும்பாலும் விடியுமுன்னோ விடிந்த சற்று நேரத்திலோ முட்டையிடுவதால், வெயில் ஏறுமுன் வைக்கோல் பரப்பிய தரையிலிருந்து முட்டையைப் பொறுக்கிவிட்டால் கழுவும் தேவையே பெரும்பாலும் எழாது.

டார்ச் ஒளியில் சிவந்த வளையம் ஒன்று மட்டும் தெரிந்தால், முதல் சில நாளுக்குள் கரு இறந்து, இரத்தம் விளிம்பில் ஒதுங்கியிருக்கிறது. இதற்கு முட்டையின் முதுமையும் காரணமாகலாம், பெட்டியின் மிகைச்சூடும் காரணமாகலாம். இங்கேதான் உங்கள் வெப்பமானியின் நேர்மை சோதிக்கப்பட வேண்டும். விசிறியுள்ள பெட்டியில் 37.5 டிகிரி இருக்க வேண்டும். விசிறியற்ற பெட்டியில் மேலடுக்குக் காற்று கீழடுக்கைவிடச் சூடாக இருப்பதால், முட்டையின் மேற்பரப்பு மட்டத்தில் அளந்து, ஏறத்தாழ ஒரு டிகிரி கூடுதலாக வைக்க வேண்டும். மலிவான தெர்மோஸ்டாட் காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். காய்ச்சல் பார்க்கும் பாதரச வெப்பமானி வீட்டில் இருந்தால் அதைப் பெட்டியில் ஓர் இரவு வைத்துப் பாருங்கள். அது ஏறிய உச்சத்திலேயே நிற்கும் இயல்புடையது என்பதால், நீங்கள் உறங்கியபோது சூடு எதுவரை ஏறிற்று என்பதைக் காலையில் காட்டிக்கொடுக்கும். (42 டிகிரிக்கு மேல் அது உடையும் அபாயம் உண்டு; ஆகவே முட்டையில்லாத பெட்டியில், கட்டுப்பாடு ஓரளவு உறுதிப்பட்ட பிறகே இச்சோதனை.) கரு குளிரைச் சில மணி நேரம் பொறுத்துக்கொள்ளும், மிகைச்சூட்டை அவ்வளவு பொறுக்காது. மின்வெட்டு நேர்ந்தால் பதறி மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதைவிட, காற்றுத் துளைகளை அடைக்காமல் பெட்டியைப் போர்வையால் சுற்றி வைப்பதே மேல். மின்வெட்டைவிட, மின்சாரம் வந்தபின் தெர்மோஸ்டாட் பழுதாகி அணையாமல் எரியும் பல்பே பெருங்கேடு விளைவிக்கிறது. அந்தப் பல்பு தெர்மாகோலைத் தொடாதவாறு கம்பிக் கூண்டுக்குள் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 100 டிகிரியில் தெர்மாகோல் இளகத் தொடங்கும், அதன்பின் தீக்குத் தொலைவு அதிகமில்லை.

முட்டையை உடைக்கும்போது கரு ஓட்டுச் சவ்வோடு ஒட்டிக் காய்ந்திருந்தால், நீங்கள் புரட்டத் தவறிய நாள்களே காரணமாக இருக்கக்கூடும். மஞ்சள் கரு மேல்நோக்கி மிதப்பதால், அதன்மேல் அமர்ந்திருக்கும் கரு அசையாமல் விடப்பட்டால் சவ்வில் ஒட்டிவிடும். நாளுக்குக் குறைந்தது மூன்று அல்லது ஐந்து முறை, ஒற்றைப்படையாகப் புரட்டச் சொல்வதன் நோக்கம், நெடிய இரவில் முட்டை அடுத்தடுத்த நாள்களில் ஒரே பக்கமாகக் கிடக்காமல் இருக்க வேண்டும் என்பதே. முட்டையின் ஒரு பக்கத்தில் பென்சிலால் ஒரு குறியும் மறுபக்கத்தில் வேறொரு குறியும் இடுங்கள், மறதிக்கு இடமிராது. முதல் வாரத்துப் புரட்டல் மிக முக்கியம். 25ஆம் நாள் அதை நிறுத்திவிட வேண்டும்.

நிறைந்த வளர்ச்சியடைந்து, இறகு மூடி, ஓட்டுக்குள்ளேயே மாண்ட குஞ்சுகள்தாம் உங்களை மிகவும் வருத்துபவை. மிகுதியாகப் பேசுபவையும் அவையே. உடைத்ததும் நீர் வழிந்து, குஞ்சு ஊதிப்போய், காற்றறை சிறுத்திருந்தால், முட்டை இழக்க வேண்டிய நீரை இழக்கவில்லை. பெட்டியில் ஈரம் மிகுந்திருந்தது. சவ்வு காகிதம்போல் காய்ந்து குஞ்சின்மேல் ஒட்டியிருந்தால், ஈரம் குறைந்திருந்தது, அல்லது கடைசி நாள்களில் மூடி அடிக்கடி திறக்கப்பட்டது. குஞ்சின் தலை காற்றறை இல்லாத குறுகிய முனையில் இருந்தால், முட்டை தலைகீழாக நிறுத்தப்பட்டிருக்கலாம். மஞ்சள் கரு வயிற்றுக்குள் இழுக்கப்படாமல் வெளியே தொங்கினால், பொரிக்கும் தறுவாயில் சூடோ காற்றோட்டமோ பிழைத்திருக்கலாம், அல்லது கரு ஏற்கெனவே நலிந்திருக்கலாம். இக்குறிகள் எப்போதும் ஒரே காரணத்தைச் சுட்டுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் ஒரே குறி ஐந்து முட்டையில் மீண்டும் மீண்டும் தோன்றினால், அதைத் தற்செயல் என்று தள்ளிவிட முடியாது.

ஈரத்தைப் பொறுத்தமட்டில், உங்கள் பெட்டியில் இருக்கும் சிறு ஈரப்பதமானியைவிட நம்பத்தகுந்த கருவி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. அடை வைத்த நாள் முதல் 25ஆம் நாள் வரை வாத்து முட்டை தன் எடையில் ஏறத்தாழ 12 முதல் 14 விழுக்காட்டை நீராவியாக இழக்க வேண்டும். எனவே 10 முட்டைகள் முதல் நாளில் 700 கிராம் நிறுத்தால், 25ஆம் நாளில் 602க்கும் 616க்கும் இடையில் நிற்க வேண்டும். ஏழாம் நாளிலேயே நிறுத்துப் பார்த்து, 675 கிராமை ஒட்டியிருக்கிறதா என்று அறிந்தால், தண்ணீர்க் கிண்ணத்தை அகலமாக்குவதா சிறிதாக்குவதா என்பதை அப்போதே முடிவு செய்யலாம். இறந்த முட்டையை விலக்கும்போது அதன் எடையைக் கணக்கிலிருந்தும் கழிக்க மறவாதீர்கள். தொடக்கத்தில் 55 முதல் 60 விழுக்காடு, 25ஆம் நாளுக்குப் பின் 70க்கு மேல் என்று சொல்லப்படும் ஈரப்பத அளவுகள் வழிகாட்டிகள் மட்டுமே. கடலோரத்து ஐப்பசியில் ஒரு பெட்டிக்கு ஏற்ற கிண்ணம், உள்மாவட்டத்துப் பங்குனியில் அதே பெட்டிக்குப் போதாது. தராசு இரண்டு இடத்திலும் உண்மை பேசும்.

25ஆம் நாளுக்குப் பிறகு உங்களிடம் கேட்கப்படுவது பொறுமை. குஞ்சு முதலில் காற்றறையைத் துளைத்து நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்குகிறது. பிறகு அலகின் நுனியில் தற்காலிகமாக முளைத்திருக்கும் முட்டைப்பல் என்னும் சிறு கூர்முனையால் ஓட்டைக் கீறுகிறது. கீறியபின் முழுதாக வெளிவர ஒருநாளோ, அதற்கும் மேலோ ஆகலாம். அந்த இடைவெளியில் அது சும்மா இருப்பதாகத் தோன்றும். உண்மையில் ஓட்டை ஒட்டியிருந்த சவ்வின் நாளங்களிலிருந்து இரத்தம் உடலுக்குத் திரும்புவதும், எஞ்சிய மஞ்சள் கரு வயிற்றுக்குள் செல்வதும் அப்போதுதான் நிகழ்கின்றன. உள்ளிருந்து கேட்கும் கீச்சொலி உதவிக்கான கூக்குரல் அன்று. இரக்கத்தால் ஓட்டைப் பிரித்தெடுக்கும் கைகள் இரத்தம் கசியச் செய்து கொன்ற குஞ்சுகள் பல. பொரித்த குஞ்சு உள்ளிழுத்த மஞ்சள் கருவைக் கொண்டு இரண்டு நாள் தாங்கும். ஆதலால் முதல் குஞ்சுக்குத் தீனி வைக்கும் அவசரத்தில், மற்றவை ஓடு கீறிக்கொண்டிருக்கும்போது மூடியைத் திறக்க வேண்டிய தேவை எதுவுமில்லை.

ஆகவே உங்களிடம் இம்மடல் வேண்டுவது ஒரு குறிப்பேடு. விலையுயர்ந்த கருவி எதையும் அது கேட்கவில்லை. முட்டை யாருடைய மந்தையிலிருந்து, எந்த நாளில் இட்டது, எத்தனை நாள் சேர்த்து வைத்தது, முதல் நாள் எடை, ஏழாம் நாள் எடை, 25ஆம் நாள் எடை, டார்ச் ஒளியில் விலக்கியவை, பொரித்தவை, பொரியாதவற்றை உடைத்தபோது கண்டவை ஆகியவற்றை எழுதி வையுங்கள். 20 முட்டை வைத்து 9 குஞ்சு பொரித்ததாக வைத்துக்கொள்வோம். 'பாதிகூடத் தேறவில்லை' என்று சொல்லிப் பெட்டியைக் குறை கூறுவது எளிது. ஆனால் உடைத்துப் பார்த்ததில் 6 முட்டை கருவே கூடாதவை, 2 இரத்த வளையம், 3 நீர் கோத்த குஞ்சுகள் என்று தெரிந்தால், கருக்கூடிய 14இல் 9 பொரித்திருக்கின்றன. பெட்டி அவ்வளவு மோசமன்று. ஈரத்தைச் சற்றுக் குறைத்தால் போதும். பெரிய குறை மந்தையில் இருக்கிறது. ஒரே எண்ணிக்கைக்குப் பின்னால் முற்றிலும் வேறான இரண்டு முடிவுகள் இருக்கின்றன. எது சரி என்பதை உடைத்த ஓடுதான் தீர்மானிக்கிறது. உடைக்கும் வேலையைச் சமையலறையில் செய்யாதீர்கள். அழுகிய முட்டை வாயு திரண்டு வெடிக்கக்கூடியது, வாத்து முட்டையில் சால்மொனெல்லா என்னும் குடல்நோய்க் கிருமி இருக்கவும் கூடும். வெளியில், கையுறையோடு, துணியால் மூடிப் பிடித்து உடைத்து, பார்த்து முடித்ததும் சுண்ணாம்பு தூவிப் புதைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். வேலை அருவருப்பானதுதான், 28 நாள் சூடு காத்தவர்களுக்கு இந்த அரைமணி நேரம் இயலாததன்று.

அக்குறிப்பேட்டின் பயன் உங்கள் வீட்டோடு நின்றுவிடக் கூடாது. உங்கள் முட்டைகளுள் பல, அறுவடை முடிந்த நெல்வயல்களில் சிந்திய மணியையும் நத்தையையும் மந்தையை மேயவிட்டு ஊர் ஊராக நகரும் வாத்து மேய்ப்போரிடமிருந்து வருகின்றன. சன்னியாசி, கீரி என்று பெயர் பெற்ற தமிழ்நாட்டு நாட்டு வாத்துகள் அவர்களது மந்தைகளாலேயே நிலைத்திருக்கின்றன. உண்ணும் முட்டைக்காக மந்தை வைத்திருப்பவருக்கு ஆண் வாத்து வெறும் தீனிச் செலவு. அதைக் குறைத்து வைத்திருப்பதில் தவறு எதுவுமில்லை. அடைக்கான முட்டை வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி, அதற்குரிய கூடுதல் விலையைத் தர நீங்கள் ஒப்புக்கொண்டால் மட்டுமே அவர் ஆண் வாத்தைக் கூட்டுவார். முட்டையை அன்றன்று தனியே எடுத்து வைப்பார். 'உங்கள் முட்டை பொரிக்கவில்லை' என்ற புகாரோடு அவரிடம் போகாதீர்கள். இருபதில் ஆறு கருக்கூடவில்லை என்ற எண்ணோடு போங்கள். முந்தையது சண்டையில் முடியும், பிந்தையது அவருக்கும் பயன்படும் செய்தி. மந்தையில் வாத்துகள் திடீரென மடிகின்றனவா என்பதையும் அப்போதே கேட்டறியுங்கள். 2014இல் கேரளத்தின் குட்டநாட்டு மந்தைகளில் பறவைக் காய்ச்சல் பரவியபோது பட்ட இழப்பை அறிந்தவர் அக்கேள்வியைத் தவறாக எடுத்துக்கொள்ளமாட்டார். ஒரு வயலில் மேய்ச்சல் சில நாளுக்கே தாங்கும், அதன்பின் மந்தை வேறு மாவட்டத்துக்கே போய்விடலாம். எனவே கூமுட்டைக் கணக்கை 28ஆம் நாள்வரை வைத்திருக்காமல், ஏழாம் நாள் டார்ச் அடித்து, விலக்கியவற்றை உடைத்துப் பார்த்த அன்றைக்கே அவரிடம் சேர்த்துவிடுங்கள்.